தண்ணீரில் கண்டம்

ஏப்ரல் 19, சனி

நான்கு நிமிடம். அதற்கு மேல் இதுவரை போனதில்லை. ஐந்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மருந்து. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். முடிந்ததும் தூங்குவாள். எழுந்ததும் பசிக்கிறது என்பாள்.

யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன். மூன்று வருடமாகப் பதில் தயாராக இருக்கிறது. கேள்வி வரவில்லை. வரவிடவில்லை.

தென்றலுக்கு ஏழு வயது. முதல் வலிப்பு நான்கு வயதில். தெரிந்தவர்கள்: நான், என் கணவர் பிரவீன், அவர் தங்கை வேல்விழி, புதுச்சேரி டாக்டர், பள்ளியில் வகுப்பு டீச்சர். டீச்சரிடம் சொன்னது நான். ஜனவரியில் ஸ்கூல் டூர், தீம் பார்க்குக்கு. "பொறுப்பு எடுத்துக்க முடியாதுங்க" என்று தலைமை ஆசிரியை அவளை மட்டும் நிறுத்திவிட்டார். மறுநாள் வகுப்பு முழுக்க அலை அடிக்கும் குளத்தைப் பற்றியே பேச்சாம். வந்து எனக்கு விளக்கினாள். "கடல் மாதிரிம்மா. ஆனா அடியில டைல்ஸ்."

இன்று மாலை திலீபன் போன் செய்தார். வேல்விழிக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை, கம்மாபுரம். பங்குனியில் நிச்சயம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "ரெண்டு வூடும் ஒண்ணா ஒரு வேன் புடிச்சு தீம் பார்க் போயிட்டு வந்துடலாம் மச்சான். மே பதினொண்ணு, ஞாயித்துக்கெழம. அம்மாவும் வரேன்னுட்டாங்க. தென்றல் குட்டிக்குத்தான் இந்த டூரே."

தென்றல் அறை நடுவில் நின்று குதித்தாள். சத்தமே இல்லாமல். அப்படிக் குதிக்க எங்கே கற்றாள்?


ஏப்ரல் 21, திங்கள்

சொல்லிவிடலாம் என்றேன்.

"யாருகிட்ட?"

"திலீபன் வூட்ல. ஒரே வேன்ல அஞ்சு மணி நேரம் போறோம். தண்ணியில எறங்கப் போறா."

"சொன்னா வேனு நம்ம வாசலுக்கு வராது."

போன வருடம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பார்த்து, பிடித்து, தட்டு மாற்ற நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம் இங்கே விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் தென்றல் விழுந்ததை அவர்கள் பக்கத்து ஆள் யாரோ பார்த்துவிட்டார். "அது ரத்தத்துல இருக்கும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். முடிந்தது.

வேல்விழிக்கு இருபத்தேழு. மாமனார் இறந்தபோது அவளுக்குப் பதினாறு. மாமியார் அதற்கும் முன்னால். பிரவீன்தான் அவளுக்கு வீட்டுப் பெரியவர். ரயில்வேயில் சிக்னல் பிரிவு. வயது முப்பத்து நான்கு. தங்கையின் கல்யாணப் பேச்சு வந்தால் குரல் ஐம்பதைத் தாண்டிவிடும்.

"நம்ம பொண்ணுக்கு ஒரு நாள் சந்தோசம். எந் தங்கச்சிக்கு வாழ்க்க. நீயே சொல்லு."

சிதம்பரத்தில் எம்.ஏ. தத்துவம் படித்தேன். ஒருவரைக் காக்க இன்னொருவரைக் கைவிடலாமா என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்.


ஏப்ரல் 24, வியாழன்

புதுச்சேரி. டாக்டர் சிரித்தார். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. அவளும் குழந்தைதானே?"

மூன்று விஷயம் சொன்னார். தூக்கமும் மருந்தும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கண்ணை எடுக்காமல். மூன்றாவது, கூட வருகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க ஒரு ஆளு எவ்வளவு நேரம் கண் சிமிட்டாம பாப்பீங்க?" என்று கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், நெய்வேலி தாண்டிய பிறகு பிரவீன் சொன்னார்: "மொத ரெண்டயும் கரெக்டா செஞ்சிடுவோம்."


ஏப்ரல் 25, வெள்ளி

குளியலறைக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். கண் சிமிட்டாமல் நாற்பத்தோரு நொடி.


ஏப்ரல் 27, ஞாயிறு

திலீபனின் அம்மா அம்சவல்லி போன் செய்தார். நல்ல மனுஷி. கணவர் இல்லை. கம்மாபுரத்தில் மிச்சமிருக்கும் நிலத்தைத் தானே நின்று பார்க்கிறவர்.

"தம்பி, பாப்பாவுக்கு அளவு சொல்லுங்க. நெய்வேலியில தண்ணி டிரஸ்ஸு விக்குது. எடுத்து வெச்சிடறேன்."

பிரவீன் சொன்னார்: "அவ தண்ணியில எறங்க மாட்டா அத்த. ஜாதகத்துல... தண்ணியில கண்டம். பத்து வயசு வரைக்கும்."

"அய்யய்யோ! இத மொதல்லயே சொல்றதில்லையா? நான் பாட்டுக்கு அலைய பாக்கலாம், அருவிய பாக்கலாம்னு புள்ள மனசுல ஆசைய ஏத்திட்டனே."

போனை வைத்துவிட்டுப் பிரவீன் என்னிடம் சொன்னார்: "இதுக்கு யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்க."

உண்மைதான். நோய் என்றால் ரத்தம் வரை தோண்டுவார்கள். கிரகம் என்றால் தலையை ஆட்டுவார்கள். கிரகம் வம்சத்தில் இறங்காது.

ஆனால் இனி அவள் தண்ணீரில் இறங்க முடியாது. தண்ணீருக்காகவே போகிற குழந்தை. கரையில் உட்கார வைத்து, சுற்றிலும் யாருக்கும் எதுவும் தெரியாமல், நான் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்குப் பெயர் டூர்.


ஏப்ரல் 29, செவ்வாய்

தலை பின்னும்போது கேட்டாள்.

"அம்மா, எனக்கு இருக்கறது வலிப்பா, கண்டமா?"

கை நின்றது.

"இல்லம்மா, யாருகிட்ட எதச் சொல்லணும்னு கேக்கறேன். மாத்திச் சொல்லிட்டா அப்பா திட்டுவாரு."

பின்னலை அவிழ்த்தேன். மறுபடி முதலிலிருந்து பின்னினேன்.


ஏப்ரல் 30, புதன்

பீங்கான் கம்பெனியில் என் வேலை காதால் செய்வது. சூளையிலிருந்து வரும் பியூஸ் கேரியரை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பீங்கான் மணிபோலக் கேட்கும். விரிசல் விட்டது தகரம்போல. ஒரு நாளைக்கு எண்ணூறு.

நான் நல்லது என்று அனுப்பிய ட்ரேயில் இன்று ஏழு விரிசல். சூப்பர்வைசர் ராஜாங்கம் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "என்னாம்மா, காதுல பஞ்சா? இதப் போட்டா எவன் வூட்லயாவது பியூஸ் வெடிக்கும். அவன் உன்னத் தேடி வரமாட்டான், என்னத்தான் தேடி வருவான்."

மன்னிப்புக் கேட்டேன். மறுபடி எல்லாவற்றையும் தட்டினேன். எல்லாமே தகரமாகக் கேட்டது.


மே 3, சனி

காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். பத்தாம் தேதி சாயங்காலம். அனலாக இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று. அவள் அழுவாள். ஒரு வாரம் அழுவாள். பிறகு மறப்பாள். மறப்பாளா?

இன்னொன்றும் தோன்றியது. எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன்.

வேன் வந்து நிற்கும்போதே அவளுக்கு ஒரு முறை வந்துவிட்டால் நல்லது. வாசலில், எல்லோர் கண் முன்னாலும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பெற்றவள் இப்படி நினைப்பாளா? நினைத்தேன். துணி மடித்துக்கொண்டே, பத்து நிமிடம் போல.

சாயங்காலம் வேல்விழி சமையலறைக்கு வந்தாள். அரிசி களைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா வராம இருந்தா என்னா?"

அவள்மேல் கோபம் வரவில்லை. நான் நினைத்தது இதைவிட மோசம்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். கண் சிவந்திருந்தது. "நான் ஒண்ணும் கேக்கல. சரியா?"


மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். அந்த வெயிலில் அம்சவல்லி அம்மா நேரில் வந்துவிட்டார், ஒரு பை நுங்கோடு.

"கண்டத்த வெச்சுக்கிட்டு எப்புடித் தம்பி நிம்மதியா போறது? எனக்கு ஒரு வாரமா தூக்கமே இல்ல. கொளஞ்சியப்பர்கிட்ட ஒரு பிராது கட்டிடுவோம். செவ்வாக்கெழம நானும் வரேன். எழுதிக் குடுத்துட்டா அப்புறம் அவரு பொறுப்பு."

மணவாளநல்லூர் கோயில். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதுபோல வெள்ளைத் தாளில் பெயர், ஊர், குறை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டுவார்கள். நான் நம்புவதில்லை. பிரவீன் நம்புவார். வேல்விழிக்கு நல்ல இடம் அமைய தையில் ஒரு பிராது கட்டினார். பங்குனியில் நிச்சயம் நடந்தது. அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது.

"சரிங்க அத்த," என்றார். வேறு என்ன சொல்வார்?

நுங்கு நன்றாக இருந்தது. தென்றல் நான்கு தின்றாள்.


மே 6, செவ்வாய்

முழுக்க எழுத வேண்டும்.

கோயிலில் கூட்டம். முனியப்பர் சந்நிதியில் வேல்கள் தெரியவில்லை, காகிதம்தான் தெரிந்தது. சுருட்டி, நூல் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக. திருட்டுப் போன நகை, திரும்பி வராத கணவன், பங்காளித் தகராறு, பிள்ளை வரம்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். தூணருகே உட்கார்ந்து எழுதினேன். விருத்தாசலம் மாணிக்கவேல் மகன் பிரவீன்குமார் கொளஞ்சியப்பருக்குச் சமர்ப்பிக்கும் பிராது. என் மகள் தென்றலுக்கு ஜாதகப்படி தண்ணீரில் உள்ள கண்டம் விலகி, அவள் தீர்க்காயுளுடன்...

பொய்யை எழுதும்போது என் கை நடுங்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாக்கியம்கூட நன்றாக அமைந்தது.

கையெழுத்துக்காகப் பிரவீனிடம் நீட்டினேன். அம்சவல்லி அம்மா தென்றலைக் கூட்டிக்கொண்டு சூடம் வாங்கப் போயிருந்தார். பிரவீன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். தாளைப் பார்த்தார். பேனா இறங்கவில்லை.

"போடுங்க. அவங்க வந்துடுவாங்க."

"முடியல."

"என்னா முடியல?"

"இதுல பொய் எழுதக் கூடாதுடி." உதடு ஒட்டியிருந்தது. "வேற எங்க வேணாலும் சொல்லிக்கலாம். இது அவருகிட்ட குடுக்கற புகாரு. பொய்ப் பிராது குடுத்தா புள்ள மேலயே திரும்பிடும்."

மூன்று வருடம் நான் அழுதேன். வாதாடினேன். டாக்டர் சொன்னார். எதற்கும் அசையாதவர். ஒரு தாளின் அடியில் கையெழுத்துக்கு விட்ட இரண்டு அங்குல இடத்தில் நின்றுவிட்டார்.

"அப்ப என்னா பண்றது?"

"உள்ளத எழுது."

இன்னொரு தாள். என் மகள் தென்றலுக்கு மூன்று வருடமாக வலிப்பு நோய் இருக்கிறது. மருந்து கொடுக்கிறோம். இன்னும் நிற்கவில்லை. அவளைக் காப்பாற்ற வேண்டும். இந்த முறை இரண்டு இடத்தில் அடித்து எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் அம்சவல்லி அம்மா வந்துவிட்டார்.

"எழுதியாச்சா? படிம்மா, நானும் கேட்டுக்கறேன். ரெண்டு வூட்டு வேண்டுதலும் சேந்து போவட்டும்."

மடித்துவிடலாம். நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். முதல் தாள் மனப்பாடமாக இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கலாம். பிரவீனைப் பார்த்தேன். அவர் வேல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி," என்றார்.

படித்தேன். நான்கு வரி. அந்தச் சொல்லை வீட்டுக்கு வெளியே இவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை. வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அம்சவல்லி அம்மா தென்றலின் கையை விட்டார். பிறகு நினைவு வந்தவர்போல மறுபடி பிடித்துக்கொண்டார். தென்றல் என் சேலையை இழுத்துக் கேட்டாள்: "அப்ப கண்டம் இல்லல்ல?"

பாதத்தில் வைத்துத் தந்த தாளை வேலில் கட்டப் பிரவீனால் முடியவில்லை. நூல் வழுக்கிக்கொண்டே போனது. அம்சவல்லி அம்மா வாங்கி, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இறுக்கமான முடிச்சு.

பஸ் ஏறும் முன் என்னிடம் மட்டும் கேட்டார்: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா பொண்ணு பாக்க வந்திருப்பீங்களா?"

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வேல்விழியிடம் பிரவீனே சொன்னார். அவள் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.


மே 7, புதன்

போன் வரவில்லை.


மே 8, வியாழன்

வரவில்லை. பிரவீன் டியூட்டியிலிருந்து மூன்று முறை என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது?" என்றார்.

வேல்விழி வழக்கம்போலச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், தென்றலுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் நிறுத்தி எழுந்து போனாள். ஒருத்தியின் வாழ்க்கையைக் கொடுத்து இன்னொருத்திக்கு ஒரு நாள் வாங்கினேனா? நான் கேட்டதும் அதுதானே.


மே 9, வெள்ளி

வந்தது. அம்சவல்லி அம்மா. அவர் குரல் அவருடையதாக இல்லை, யாரோ பக்கத்தில் நிற்பதுபோல. திலீபனின் பெரியப்பா சொல்கிறாராம். வேல்விழிக்கு மூளையில் ஒரு டெஸ்ட் எடுத்து, ஒன்றுமில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டால் பேச்சே இல்லையாம்.

பிரவீன் தலையாட்டத் தொடங்கிவிட்டார். வேல்விழி அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அத்த, நான் வேல்விழி பேசறேன். எனக்கு எடுக்கறதுன்னா உங்க புள்ளைக்கும் எடுக்கணும். அப்புறம் அந்தப் பெரியப்பாவுக்கு. அவருக்குத்தான் மொதல்ல எடுக்கணும். மூளை இருக்குதான்னு."

"வேலு!" என்று பிரவீன் கத்தினார்.

அந்தப் பக்கம் அம்சவல்லி அம்மா சொன்னார்: "எனக்கு ஒரு தடையும் இல்லம்மா. எங்க வூட்ல கேக்க மாட்டேங்கறாங்க. கல்யாணப் பேச்சு இப்போதைக்கு வேணாம். வேனும் வேணாம்னு சொல்லிட்டேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேல்விழி கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?


மே 10, சனி. ரயிலில்

காலையில் வேல்விழியே வந்தாள். "நாளைக்குத்தானே அண்ணி ஞாயித்துக்கெழம?"

நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. நான் ஒண்ணும் செத்துப் போவல." பிறகு அண்ணனிடம் சொன்னாள்: "ரெண்டாவது தடவையா நின்னு போச்சு. வூட்லயே குந்திக்கினு பாயப் பிராண்டிக்கிட்டு இருக்கவா? டிக்கெட்ட போடு."

தூக்கம் கெடக் கூடாது என்பதால் சாயங்காலமே கிளம்பிவிட்டோம். தாம்பரத்தில் லாட்ஜில் தங்கி, காலையில் அங்கிருந்து. எட்டு மணி மருந்தை ரயிலிலேயே கொடுத்தேன். எதிர்ச் சீட்டு அம்மா கேட்டார்: "புள்ளைக்கு என்னா மருந்து?"

வழக்கம்போல இருமல் என்று சொல்ல வாய் திறந்தேன். தென்றல் முந்திக்கொண்டாள். "வலிப்புக்கு." ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.


மே 12, திங்கள்

நேற்று.

அலைக்குளத்தின் வாசலில் பலகை. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. படிக்காததுபோல நடந்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். விசில் மாட்டிய காவல்காரப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவள் தென்றலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாரிக்கா. என் வேலை போயிடும். அந்தாண்ட சின்னக் குளம் இருக்கு, முழங்கால் ஆழம். பெரியவங்க கூட இருந்தா அங்க விடுவாங்க."

சைரன் அடித்தது. அலை எழுந்தது. நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகக் கத்தினார்கள். தென்றல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"சொல்லாம இருந்திருந்தா வுட்டிருப்பாங்கல்ல?"

"ஆமாம்," என்றேன்.

தரையில் உட்கார்ந்து அழுதாள். ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். தூக்கப் போன வேல்விழியை உதைத்தாள். விட்டுவிட்டோம். அவளுக்கு அழ உரிமை உண்டு. நானும் அவள் பக்கத்தில் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது.

பிறகு சின்னக் குளம். நடுவில் ஒரு பெரிய சிமென்ட் காளான், அதன் விளிம்பெல்லாம் தண்ணீர் கொட்டுகிறது. பதினைந்து இருபது குழந்தைகள். பிரவீன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடறேங்க. இது எம் பொண்ணு. இவளுக்கு வலிப்பு வரும். வந்தா பயப்படாதீங்க. உடனே தண்ணியவிட்டுத் தூக்கி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிட்டு எங்களக் கூப்பிடுங்க."

தண்ணீர்ச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அதனால் ஒவ்வொருவர் அருகிலும் போய்ச் சொன்னார். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். ஒருவர் கேட்டுவிட்டு போனைப் பார்த்தார். நைட்டியோடு தண்ணீரில் உட்கார்ந்திருந்த பருமனான அம்மா ஒருவர் கேட்டார்: "எந்தப் பாப்பா? செவப்பு கவுனா? சரி சரி, நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல தள்ளி நில்லுங்க, மறைக்குது."

பிரவீன் தள்ளி நின்றார்.

திலீபன் நான்கு முறை கூப்பிட்டார். ஐந்தாவது முறை வேல்விழி எடுத்து, "தண்ணியில இருக்கேன்," என்று சொல்லி வைத்தாள். இறங்கித் தென்றலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தென்றல் அவள் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

நான் கரையில் நின்றேன். தென்றலைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எண்ணினேன். நான்கு பேர்: பிரவீன், வேல்விழி, அந்த நைட்டி அம்மா, பக்கத்தில் இருந்த அவர் கணவர்.

சுவரோரம் நிழல் இருந்தது. துண்டை விரித்துப் படுத்தேன். முக்கால் மணி நேரம் தூங்கினேன்.